கிளி இருந்த இடம்

பண்டத்தரிப்பு
17.02.1991

என் ஆசை றபீக்காவுக்கு,

நீங்கள் புத்தளத்தில் கொட்டில் போட்டு இருக்கிறீர்கள் என்று மீன்கார சிமியோன் சொல்லித்தான் அறிந்தேன். விலாசமும் அவன் தந்ததுதான். சுகமா என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது. உன் மகள் சுஹறாவின் கலியாணப் பேச்சு என்னவாயிற்று?

அவளுக்கென்று நாம் தொடங்கிய துண்டுப்போர்வைக்கு கிளிப்படம் போட்ட சீத்தைத் துணியிலிருந்து நீ வெட்டித் தந்த கிளிகள் என் பிஸ்கட் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன. மார்கிரட் ரீச்சரின் தையல் வகுப்பிலிருந்தே உன்னோடு எனக்கு இதுதான் சண்டை. எல்லாரும் துணியை வரிசையாக வெட்டித் துண்டெடுப்பார்கள். நீ மட்டும் கிளி எங்கே இருக்கிறதோ அங்கே கத்தரிக்கோலை இறக்குவாய். ஆறுமூலைத் துண்டின் நட்டநடுவில் கிளி குந்த வேண்டும், வாலில் ஓர் இறகுகூடத் தையலுக்குள் போகக்கூடாது. நல்ல சீத்தைத் துணியை ஓட்டை ஓட்டையாக்குகிறாயே என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன்! இப்போது ஏச ஆளில்லை. ஒரு வரியாவது எழுது.

உன்
பாலேஸ்வரி

✽

புத்தளம்
02.06.1991

பாலேஸ்வரிக்கு,

கடிதம் கிடைத்தது. அல்லாஹ்வின் கிருபையால் உயிரோடு இருக்கிறோம்.

முஸ்லிம்கள் எல்லாரும் இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று துவக்கோடு வந்த இயக்கத்துப் பெடியள் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வரிசையில் நிறுத்தி உடம்பெல்லாம் தடவினார்கள். சுஹறாவின் காதில் கிடந்ததையும் கழற்றினார்கள். அவ்வளவு நேரமும் நான் சந்தியையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ வருவாய் என்று நினைத்தேன். சனம் நின்று பார்த்தது. அதற்குள் நீ இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் எங்கே போனார்கள் என்றே தெரியாது. ஓலைக்கொட்டிலில் போர்வைக்கு என்ன வேலை? கிளிகளை அடுப்பில் போடு. இனி எழுத வேண்டாம்.

றபீக்கா

✽

பண்டத்தரிப்பு
21.08.1993

றபீக்கா,

எழுத வேண்டாம் என்றாய். இரண்டு வருஷம் சொல் கேட்டேன். இனிக் கேட்கமாட்டேன்.

அன்றைக்கு எனக்கு விஷயம் எட்டும்போது பொழுதுபட்டுவிட்டது. விடியச் சைக்கிளில் வந்தேன். உன் வாசலில் பூனை மட்டும் நின்றது. முதல் கடிதத்தில் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிந்தி வந்தவளுக்கு என்ன கதை வேண்டியிருக்கிறது?

போன மாதம் அளவெட்டிக்கு, கதிரவேலு அண்ணை வீட்டுக்குப் போனேன். யன்னலில் புதுத் திரைச்சீலை. அதனூடாக வெயில் விழுந்து, சீமெந்து நிலமெல்லாம் ஆறுமூலை ஆறுமூலையாகக் கிடந்தது. உன்னைத் தவிர வேறு யார் துணியை அப்படி வெட்டுவார்கள்? அண்ணையின் மனுசி மச்சாளிடம் கேட்டேன். நீங்கள் விட்டுப்போன சாமான்களை இயக்கம் ஏலம் போட்டபோது அண்ணை வாங்கிய அலுமாரிக்குள் அது சுருட்டிக் கிடந்ததாம், ஓட்டைத் துணியென்றாலும் வெயிலுக்கு ஆகட்டும் என்று தொங்கவிட்டாவாம்.

"உது றபீக்காடை அலுமாரி, அண்ணை. அவளின்ரை வீட்டிலை எத்தினை நாள் தேத்தண்ணி குடிச்சனீங்கள்?" என்றேன்.

நான் சீலையைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த கிழமை அலுமாரி மாட்டுவண்டியில் என் வீட்டு வாசலுக்கு வந்தது. என் அறையில் நிற்கிறது. அதற்குள் நான் ஒன்றும் வைக்கவில்லை.

கிளிகளை என்ன செய்தேன் தெரியுமா? நீ வெட்டின இடத்திலேயே திரும்ப வைத்தேன். ஒன்றின் ஓட்டைக்குள் மற்றது இருக்கமாட்டேன் என்கிறது. ஓட்டையின் விளிம்பில் பாதிக் கொப்பு நிற்கும், மீதிக் கொப்பு எந்தக் கிளியின் காலடியில் இருக்கிறது என்று தேடவேண்டும். கண் போயிற்று எனக்கு. அடியில் வெள்ளைத்துணி கொடுத்து விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கையால் தைத்தேன். ஒரே ஒரு கிளி குறைகிறது. கிணற்றடிவரை தேடிவிட்டேன், காணவில்லை. அந்த இடம் வெள்ளையாகக் கிடக்கிறது.

கொழும்புக்குப் போகும் பஞ்சலிங்கம் மாஸ்டரிடம் போர்வையைக் கொடுத்துவிடுகிறேன். என்னோடு கதைக்காவிட்டாலும் பரவாயில்லை, சுஹறா போர்க்கட்டும்.

பாலேஸ்வரி

✽

புத்தளம்
09.01.1994

எடி பாலேசு,

போர்வை வந்தது. தையல் இன்னும் கோணல்தான். அதைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் அடுத்த கொட்டில்காரர் மையத்து வீடென்று ஓடிவந்துவிட்டார்கள்.

சுஹறாவுக்கு நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளை இங்கத்தைப் பிள்ளை, சைக்கிள் திருத்துகிறார். அவள் போர்வையைப் போர்க்கிறாளில்லை. பழுதாகிவிடுமென்று மடித்து வைத்திருக்கிறாள், விசரி.

காணாத கிளியைத் தேடாதே. அது என்னிடம். அன்று காலை அதைத்தான் வெட்டிக்கொண்டிருந்தேன், அறிவிப்புக் கேட்டதும் சட்டைக்குள் செருகிவிட்டேன். தடவிப் பார்த்த இயக்கப் பெட்டை அதை எடுத்து விரித்துப் பார்த்தாள். "உதை வைச்சுக்கொள்ளுங்கோ" என்று திருப்பித் தந்தாள். என் வீட்டிலிருந்து நான் கொண்டுவந்தது அது ஒன்றுதான். உன் கிளிகளை அடுப்பில் போடச் சொன்னவள் என்னுடையதை மட்டும் போடவில்லை பார்.

அதை அனுப்பமாட்டேன். ஊருக்குத் திரும்பும்போது போர்வையோடு நானே கொண்டுவருவேன். உன் வீட்டில் இருந்து இரண்டுபேருமாகத் தைப்போம். அதுவரை அலுமாரியில் கறையான் ஏறாமல் பார்த்துக்கொள். சந்தியில் உன்னைத் தேடியது மனதை விட்டுப் போகாது. நீ விடிய வந்ததும் இனிப் போகாது.

உன்
றபீக்கா

✽

புத்தளம்
19.11.1995

பாலேசு,

மூன்று கடிதம் போட்டேன், பதிலில்லை. ஆமி வருகிறதென்று உங்கள் வலிகாமத்துச் சனமெல்லாம் வீடுவாசலை விட்டு வெளிக்கிட்டுவிட்டது என்று றேடியோவில் சொன்னார்கள். நாவற்குழிப் பாலத்தில் கால் வைக்க இடமில்லாமல் மழையில் நின்றீர்களாம். இங்கே சிலர், அவர்களுக்கும் இப்போது தெரியட்டும் என்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. உனக்குக் குளிர் ஆகாதே என்றுதான் நினைத்தேன்.

கையில் என்னத்தை எடுத்தாயோ தெரியாது. அலுமாரியைத் திரும்பிப் பார்த்திருப்பாய். அதை நினைத்து அழாதே, மரம்தானே.

சாவகச்சேரிக்குச் சாமான் ஏற்றும் லொறிக்காரர் ஒருவரிடம் இதைக் கொடுக்கிறேன். அங்கே அகதிச் சனம் தங்கியிருக்கிற பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக உன் பெயரைச் சொல்லிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். எங்கள் கொட்டிலில் இன்னொரு பாய் போட இடமிருக்கிறது.

கிளியை இதற்குள் வைத்திருக்கிறேன். நானே கொண்டுவருவேன் என்றேன், இனி அதற்கு வீடில்லை. சட்டைக்குள் செருகிக்கொள், யாரும் பறிக்கமாட்டார்கள். நீ கொண்டு வா. வவுனியாவிலிருந்து பஸ் வந்து நிற்கிற சந்திக்கு நான் தினமும் போகிறேன்.

உன்
றபீக்கா