கழுத்து வரை அணைத்த மண்

அன்புள்ள பெரியவளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டதும் என் வாய் வேறு எதையோ சொல்லிவிடுகிறது, காகிதம் என்றால் எதிர்க்கேள்வி கேட்காது, அதனால்தான். அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, போட்ட நாளிலிருந்து வீட்டில் எந்த மூலையில் தூசி இருக்கிறது என்று எனக்குப் பாடம் நடக்கிறது. உன் சித்தப்பா டாக்டர் நடக்கச் சொன்னார் என்று வண்டியை விற்றுவிட்டு, தினமும் என் வண்டியில் பின்னால் ஏறிக்கொள்கிறார். நல்ல சேதி இத்தோடு சரி.

உன் ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து நீ அனுப்பிய காட்டுத் தர்பூசணி விதையை நாற்றுக்காரம்மா முளைக்க வைத்து, அதன் தலையை வெட்டி நம் தர்பூசணியை ஒட்டுக்கட்டி இருநூறு செடி கொடுத்தார் அல்லவா. மூன்று வருஷமாக நம் மண்ணில் நூற்புழு வேருக்குள் புகுந்து முடிச்சுப் போட்டுக் கொடியைச் சாகடிக்கிறது, இந்தக் காட்டு வேரிடம் அதன் ஜம்பம் பலிக்காது, ஆறு வருஷம் இதற்காகத்தான் பாடுபட்டேன் என்றாய். ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாய், ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு நாலு விரல் மேலே இருக்க வேண்டும் என்று. நடும்போது அப்படித்தான் நட்டேன். ஒரு வாரத்தில் காற்று அடித்துச் செடியெல்லாம் ஆட ஆரம்பித்தது. முப்பது வருஷம் தர்பூசணி போட்டவனுக்கு விரல் கணக்கு சொல்ல வந்துவிட்டாள் என்று எனக்கு ஒரு கொழுப்பு. மண்வெட்டியை எடுத்து ஒவ்வொரு செடிக்கும் ஒட்டுப் போட்ட கழுத்து மூட மண் அணைத்தேன். ஆறு செடி மிச்சம் இருக்கும்போது அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

ஐந்தாவது வாரம் வெயில் ஏற ஏறக் கொடி வாடியது, பிஞ்சு கைப்பிடி அளவிலேயே நின்றுவிட்டது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. விதைக்கடையில் நாலு பேர் இருக்கும்போது, படிச்ச பிள்ளைங்க அனுப்புறது பேப்பர்லதான் காய்க்கும் என்று சொல்லிச் சிரித்தேன். உன் விதைக்குப் பேர் கொடுத்திருந்த இரண்டு பேர் அங்கேயே வேண்டாம் என்றார்கள். பெற்ற மகளைப் பற்றி அப்படிப் பேசியதை எழுதவே கை கூசுகிறது.

போன வெள்ளிக்கிழமை உனக்குப் படம் எடுத்து அனுப்பி உன் வாயை அடைக்கலாம் என்றுதான் ஒரு செடியைத் தோண்டினேன். பின்பக்கக் குழாயில் வேரை அலசிப் பார்த்தால் இரண்டு விதமான வேர். அடியில் இருந்த காட்டு வேர் மெலிந்து கிடந்தது, ஆனால் வெள்ளை வெளேரென்று ஒரு முடிச்சு இல்லை. நான் மண் அணைத்த கழுத்திலிருந்து நம் தர்பூசணி தன் பாட்டுக்குப் புதிதாக வேர் விட்டிருந்தது, அதெல்லாம் இஞ்சி மாதிரி வீங்கிப் புடைத்திருந்தது. நீ பூட்டிக் கொடுத்த வாசலுக்குப் பக்கத்திலேயே நான் ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறேன். ஓடிப்போய் அந்த ஆறு செடியைப் பார்த்தேன். பச்சைப் பசேலென்று காயோடு படர்ந்திருந்தது. இத்தனை நாள் வாய்க்கால் ஓரம் அதனால் செழிப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றைத் தோண்டினேன், வேர் சுத்தமாக இருந்தது.

அந்த முடிச்சு வேரை உரமூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ, வேரைத் தோண்டிப் பார்த்தீங்களாப்பா என்று கேட்டாய். பார்த்தேன், உன் வேர்லயும் முடிச்சுதான் என்றேன்.  நீங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும், இந்த ரகம் தாங்கலைன்னே அறிக்கையில எழுதிடறேன்ப்பா என்றாய்.  ஆறு வருஷ உழைப்பை என் ஒரு வார்த்தையை நம்பி நீ குப்பையில் போடப் போகிறாய், நான் போனை வைத்துவிட்டு வந்து சாப்பிட்டேன்.

நேற்று அம்மா பெருக்கும்போது அந்த வேர் கண்ணில் பட்டுவிட்டது. அவள் சத்தம் போடவில்லை. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

மாசக் கடைசியில் அறிக்கை கொடுக்க வேண்டும் என்றாய், அதற்குள் கிடைக்கட்டும் என்று இதைக் கூரியரில் போடுகிறேன், போட்டுவிட்டு நேராக விதைக்கடைக்குத்தான் போகிறேன். தாங்கவில்லை என்ற வரியை எடுத்துவிடம்மா. ஒட்டு வெளியே இருந்த செடி நன்றாக இருக்கிறது, நூற்றுத் தொண்ணூற்று நாலு செடியின் ஒட்டைப் புதைத்துக் கெடுத்தார்கள் என்று உள்ளது உள்ளபடி எழுது. கெடுத்தது விவசாயி என்று மட்டும் போட்டால் யாரோ என்று ஆகிவிடும். என் அப்பா என்றே போடு.

மீதி ஐந்து செடியை நீ சொல்லும்வரை தொடமாட்டேன், எந்த நாளில் எப்படித் தோண்ட வேண்டும் என்று மறக்காமல் சொல்லு, அப்படியே செய்கிறேன். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கை வைத்த காரியமெல்லாம் பலிக்க வேண்டும். ஆசீர்வாதம் பண்ண எனக்கு இப்போது யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் பண்ணுகிறேன்.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன
அப்பா