பன்னீர் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்

ஜூன் 30, திங்கள்

விடியலில் தூறல், பிறகு வெயில். பொம்மிடி பஸ்ஸில் கயலுக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. அதுவரை நல்ல நாள்.

மகளுக்குக் கல்லூரியில் முதல் நாள். பி.எஸ்சி. கணிதம். ஆட்டிசம் உள்ள பெண். திடீரென்று தொடக்கூடாது, முகத்தில் ஈரம் படக்கூடாது. போன வாரமே ஹெச்.ஓ.டி. மேடத்திடம் நேரில் போய்ச் சொன்னேன். "நாங்க பாத்துக்கறங்க, கவலையே படாதீங்க."

பார்த்துக்கொண்ட லட்சணம்! வாசலிலேயே தட்டோடு சீனியர் பெண்கள். முகத்தில் பன்னீர், கன்னத்தில் சந்தனம். கயல் அலறித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டம்.

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து நெற்றியில் விபூதி பூசினாள். "ஆடி பொறக்கறதுக்குள்ளயே வந்துட்டியா ஆத்தா? யாரு நீயி? என்ன வேணும், கேளு."

நின்றவர்களில் பாதிப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். அதில் இரண்டு பேர் பாடம் நடத்துகிறவர்கள். கும்பிடு வேறு.

கயல் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "கயல்விழி. பஸ்ட் இயர் மேத்ஸ். கிளாசுக்குப் போவணும்."

ஒருவர் காதிலும் விழவில்லை. எலுமிச்சம்பழம் தேடப் போனார்கள். இவளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

புழுக்கம். வாங்க வேண்டியது: ரவை, கடலை எண்ணெய், கயலுக்குக் காட்டன் சுடிதார் (கழுத்து லேபிளை வெட்ட வேண்டும்).

காலையில் பிரின்சிபால் போன். "கொஞ்ச நாளைக்கி வூட்லயே இருக்கட்டுங்க. இல்லைன்னா தபால்ல படிக்கலாமே. மத்த பொண்ணுங்க பயப்படுதுங்க." பயமாம். கும்பிடும்போது எங்கே போனது?

அடுத்து பாப்பாரப்பட்டி நாத்தனார். "தீர்த்தமலைக்குக் கூட்டிட்டுப் போயி தலையில தீர்த்தம் வுட்டுட்டு வாங்க அண்ணி, சரியாப் போயிரும்." தண்ணீர் பட்டதால்தானே இத்தனை கூத்தும்! போனை வைத்துவிட்டேன்.

இவர் வந்தார். "பிரின்சிபால் சொல்றதும் நாயந்தான?" சோறு போட்டேன். குழம்பு ஊற்றவில்லை.

கயல் ஐ.டி. கார்டை மாட்டிக்கொண்டு கதவோரமே உட்கார்ந்திருக்கிறாள். "இன்னிக்கி கிளாசு இருக்குது. ஏன் வூட்ல?" பத்து தடவையாவது கேட்டிருப்பாள். ஒரு வாரம் உட்காரவைத்தால் போதும், இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

ஜூலை 3, வியாழன்

மேகமூட்டம். யாரிடமும் கேட்காமல் கூட்டிப் போனேன்.

கேட்டில் வாட்ச்மேன் மறித்தார். "உள்ள வுடக்கூடாதுன்னு சொல்லிருக்காங்கம்மா." அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். சத்தம் கேட்டு ஹெச்.ஓ.டி. வந்தார். நல்லதாய்ப் போயிற்று. "பன்னீர் வேணாம்னு சொன்னனா இல்லியா? பேயோட்டத்தான் பீஸ் கட்டுனனா?" அவரும் விடவில்லை. "மெதுவாப் பேசுங்கம்மா, இது காலேஜு!" "காலேஜா இது? கோடங்கி வூடு!" தொண்டை கட்டியது. நிறுத்தவில்லை.

திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் கயல் இல்லை. ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

உள்ளேயிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். "கயலோட அம்மாங்களா? அவ அப்பவே வந்துட்டா. எம்பக்கத்துல தான் உக்காந்திருக்கா. பயப்படாதீங்க."

ஹெச்.ஓ.டி.யைப் பார்த்து மறுபடி வாயைத் திறந்தேன்.

"ஆன்ட்டி, நீங்க கத்தறது கிளாசு வரைக்கும் கேக்குதுங்க. காதைப் பொத்திக்கிட்டுக் குனிஞ்சிட்டா. கொஞ்சம் நிறுத்தறீங்களா?"

நிறுத்திவிட்டேன். ஹெச்.ஓ.டி.யும்.