ஒரே கையெழுத்தில் ஐந்து கடிதங்கள்

திருநகரில் எங்கள் தெருமுனையில் தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு ஆலை வேன் வந்து நின்று மூன்று முறை ஹார்ன் அடிக்கிறது. தூக்குவாளியும் ஈரத்தலையுமாகப் பெண்பிள்ளைகள் ஓடிவந்து ஏறுகிறார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டுதான் ஏறுகிறார்கள். நான்தான் பால் வாங்கப் போனவள் பாலை மறந்து, உள்ளே எத்தனை தலை என்று எண்ணிக்கொண்டு நிற்கிறேன். நீ இருந்தால், "ரிட்டயராகியும் உத்தியோகம் உன்னைய விடலையாக்கும்" என்று வாரியிருப்பாய். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. சாவுக்கு நான் வரவில்லை. வர எனக்கு முகமில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாம் சேர்ந்து வேலை பார்த்தது எமர்ஜென்சிக்கு முந்தைய வருடங்களில். கீழக்குயில்குடிக்கு மேற்கே, வானம் பார்த்த பூமியில் ஒரு சேவை மையம். ஊழியர்கள் நாம் இரண்டே பேர். நான் பசுமலைக்காரி, வாத்தியார் வீட்டுப் பெண், சமூகப்பணி படித்துவிட்ட திமிர் வேறு. நீ மாடும் வயலுமான வீட்டிலிருந்து வந்தவள். முதல் வாரமே நோட்டும் பேனாவுமாக ஊரில் வெள்ளையம்மா என்பவள் வீட்டுக்குப் போய், எத்தனை பிள்ளைகள், எத்தனை செத்தது என்று கேட்டேன். அவள் என் காலைப் பார்த்து வாசலைப் பெருக்கினாள். தூசியும் நானுமாக வெளியே வந்தபோது நீ சைக்கிளைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாய்.

"போலீசு மாதிரியாடி கேப்ப? மொதத் தரம் போனா தண்ணி வாங்கிக் குடி. ரெண்டாந்தரம் குடுக்குறதத் தின்னு. மூணாந்தரந்தான் பேச்சு."

அப்படித்தான் நாம் வேலை செய்தோம். தண்ணீர் குடிக்காத வீட்டைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதியதில்லை. மூன்றாம் தடவையில் வெள்ளையம்மா தன் மூத்த மகள் பேச்சியை மாலை வகுப்புக்கு அனுப்பினாள். பேச்சி எழுதினால் வரி கோட்டில் நிற்காது, வலது பக்கம் மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். "இவ எழுத்து சமணமலை ஏறுதுடி" என்பாய். அவளும் சிரிப்பாள், திருத்தமாட்டாள்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருடம் எனக்கு அரசாங்க ஆர்டர் வந்தது. இளைஞர்களுக்குத் தொழில் பயிற்சி கொடுத்து வேலையில் அமர்த்தும் பிரிவில் உதவி அலுவலர். இங்கே ஒருத்திக்கு ஒரு வழி காட்டவே வருடக்கணக்காகிறது, அங்கே ஒரு கையெழுத்தில் நூறு பேருக்கு வழி திறக்கும் என்று மனசார நம்பினேன். இன்றைக்கும் அதை முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். நீ ஆர்டரை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாய்.

"போ. வேணாம்னு சொல்ல நா யாரு? ஆனா அங்க ஆளப் பாக்க மாட்டாக, எண்ணுவாக. நீயும் எண்ண ஆரம்பிச்சிருவ."

வயிற்றெரிச்சலில் பேசுகிறாய் என்று நினைத்தேன். ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை.

இரண்டு வருடம் கழித்து அந்த நூல் ஆலைத் திட்டம் வந்தது. இருபது பெண்கள், ஆறு மாதப் பயிற்சி, ஆலையிலேயே விடுதி, முடிந்ததும் அங்கேயே வேலை. மதுரையிலிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரத் தொலைவு. போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டியது நான். குறித்த நாளில் ஜீப்பை யாரோ மந்திரி வருகைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். மறுநாள் ஆலை மேனேஜரே ஆபீசுக்கு வந்து போட்டோக்களைப் பரப்பினார். வரிசையாகக் கட்டில், வாசலில் பூச்செடி. மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடி, "மார்ச்சுக்குள்ள இருபதும் நிரம்பணும்மா" என்றார். "நேரில் பார்வையிடப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் செய்கிறதுதானே என்று அன்று இரவு நன்றாகவே தூங்கினேன்.

பதினைந்து பேர் சேர்ந்தார்கள். ஐந்து குறைந்தது. உன்னிடம் வந்தேன். நீ மையத்துப் பால்வாடியில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாய்.

"எடத்தப் போய்ப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அங்க தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேம்ப்பா, போதுமா?"

அதற்குமேல் நீ கேட்கவில்லை. நீ என்னை நம்பினாய், பாவி நான். ஒரே வாரத்தில் ஐந்து வீடு ஏறி இறங்கினாய். வெள்ளையம்மா, பேச்சியை அனுப்ப முடியவே முடியாது என்றாளாம். "நா சொல்றேன், அனுப்பு" என்று நீதான் அவள் கையைப் பிடித்தாய்.

அழைத்துப்போக வந்த வேனின் ஜன்னல்களில் கம்பிவலை அடித்திருந்தது. பிள்ளைகள் ஏறியதும் டிரைவர் கதவைச் சாத்தி வெளியே தாழ் போட்டான். "எதுக்குண்ணே வெளியில தாப்பா?" என்று கேட்டாய். "பிள்ளைக விழுந்துறக் கூடாதுல்ல" என்றான். நீ என்னைப் பார்த்தாய். நான் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தேன். இருபதாவது பெயருக்கு நேரே டிக் போட்டேன்.

இரண்டாம் மாதம் நீ ஆபீசுக்கு வந்து, பிள்ளைகள் எழுதியதாக ஐந்து வீட்டுக்கும் வந்த இன்லேண்டு லெட்டர்களை என் மேஜையில் வரிசையாக விரித்தாய். ஐந்திலும் ஒரே வாசகம். நலம், சாப்பாடு வசதி, பார்க்க வர வேண்டாம், பயிற்சி கெடும்.

"அஞ்சும் ஒரே கை. இது பேச்சி எழுத்து இல்ல. கோட்டுல நிக்குது பாரு."

"வார்டன் எழுதிக் குடுத்திருப்பாங்கடி."

"எழுதத் தெரிஞ்ச பிள்ளைக்கு வார்டன் எதுக்கு எழுதணும்?" என் முகத்தைப் பார்த்தாய். "அந்த வார்டன் எப்பிடி இருப்பா? நீ பாத்திருப்பீல்ல?"

நான் மேஜையிலிருந்த ஒரு ஃபைலைத் திறந்தேன். ஒவ்வொரு கடிதமாக மடித்தாய். எப்போதும் "வாரேன்" என்று சொல்லிக்கொண்டு கிளம்புகிறவள், அன்று ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினாய்.

அடுத்த நாளே பஸ் ஏறிப் போய், ஆலைக் கதவைத் திறக்கும்வரை தெருவில் நின்று சத்தம் போட்டிருக்கிறாய். நம் ஊர்ப் பிள்ளைகளில் நாலு பேர் கிடைத்தார்கள். கண்ணெல்லாம் மஞ்சள். விடுதித் தொட்டித் தண்ணீர் குடிக்கிற தண்ணீரே இல்லையாம். பேச்சி அந்த ஊர் ஆஸ்பத்திரியில் யாரும் இல்லாமல் கிடந்தாள். நீ போனபோது உயிர் இருந்தது. மறுநாள் காலை இல்லை. தகவல் வந்ததும், பேச்சியின் உடலை ஊருக்குக் கொண்டுபோக நான் ஜீப்போடு ஓடிவந்தேன். அன்றைக்கு மட்டும் ஜீப் உடனே கிடைத்தது.

பதினாறாம் நாள் காரியத்தன்று தபால்காரர் வந்தார். பேச்சி எழுதியதாக ஒரு இன்லேண்டு லெட்டர். வார்டன் முன்கூட்டியே எழுதி அடுக்கி வைத்து வாரம் ஒன்றாகப் போட்டிருக்கிறாள், பேச்சி செத்த பிறகும் நிறுத்தவில்லை. வெள்ளையம்மா, "வாசி" என்று உன்னிடம் நீட்டினாள். "நான் நலமாக இருக்கிறேன்" என்று நீ வாசித்தாய். வாசித்து முடித்ததும் அவள் கேட்டாள்.

"ஏத்தா, அந்த எடத்த யாருதான் போய்ப் பாத்தது?"

இரண்டடி தள்ளி நான் நின்றிருந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாந்தான் பாத்தேன். எங் கண்ணு அவிஞ்சு போச்சு."

நான் ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து எந்த வீட்டிலும் உன்னை உள்ளே கூப்பிடவில்லை. வருடத்துக்குள் மையத்தைப் பூட்டினார்கள். நீ அண்ணன் வீட்டோடு போய் ஒடுங்கினாய். எனக்குப் பதவி உயர்வு வந்தது. பொங்கலுக்குப் பொங்கல் உனக்குக் கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இப்போது இதற்கும் வராது.

போன வாரம் துணிந்து அந்த ஊருக்குப் போனேன், எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான். வெள்ளையம்மா இருக்கிறாள். பார்வை மங்கிவிட்டது. குரலை வைத்தே என்னைக் கண்டுகொண்டாள். நீ செத்துப்போனதைச் சொன்னேன். "சாகட்டும். எம்பிள்ளையக் கொண்டவ" என்று மண்ணை வாரித் தூற்றினாள். நான் வாயெடுப்பதற்குள் தடவித் தடவி என் தலையைத் தொட்டாள்.

"நீதான தாயி ஜீப்பு புடிச்சு எம்பிள்ளைய வீடு சேத்த? நீ நல்லா இருக்கணும்."

அப்போதும் நான் சொல்லவில்லையடி. குனிந்து அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.