நான் கேட்ட ஜன்னல், நீ சொன்ன ரேடான்

ரிவைண்டிங் கடையில் கொடுத்திருந்த மிக்ஸி இன்று காலை வீடு திரும்பியது. ஸ்விட்சைப் போட்டதும் புது வார்னிஷ் சூடேறி, சாமிக்குப் போட்ட சாம்பிராணியையும் மீறி எங்கள் பழைய பட்டறையின் வாசம் வந்தது. உடனே அழுகை வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். எனக்கு வந்தது பொறாமை. நீ போன துக்கமே ஆறவில்லை, அதற்குள் பழைய பொறாமை வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

உனக்குத் தெரியாததில்லை. கணபதி ஊரில் எங்கள் வீடும் பட்டறையும் ஒரே கட்டடம். அடியில் பாறையை வெட்டி இறக்கிய நிலவறை. பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் சுற்றும் பெண்கள் அங்கேதான் நாள் முழுக்க உட்காருவார்கள். தூசி படக் கூடாதென்று என் வீட்டுக்காரர் ஒரு சந்துகூட விடாமல் அடைத்து வைத்திருந்தார். சித்திரை வெயிலிலும் குளுகுளுவென்றிருக்கும். வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பெருமைப்படுவார். டீ கொண்டு இறங்கினாலே எனக்கு மூச்சு முட்டும்.

“ஏனுங்க, ஒரு ஜன்னலாவது வைங்க. அந்தப் புள்ளைங்களுக்குக் காத்தே இல்லீங்க” என்று கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொன்னேன்.

“உனக்கென்ன அம்மணி தெரியும்? கணக்கப் பாரு” என்பார். பட்டறைக் கணக்கைப் பார்த்தேன்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே பெஞ்சு. பத்தாவதோடு எனக்குத் தாலி ஏறியது. நீ பௌதிகம் படித்துக் கல்லூரி ஆசிரியை ஆனாய். உன் பழைய புத்தகங்களை வாங்கி, அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு அடுப்படியில் படித்தவள் நான். தொண்ணூறுகளில், பாறைமேல் கட்டிய கட்டடங்களைப் பற்றி நீ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, ஒரு நாள் என்னைப் பார்க்க வந்தவள் நிலவறைக்கும் இறங்கினாய்.

“பாறைக்குள்ள இருந்து ரேடான்னு ஒரு வாயு கசியும்ங்க. வாசமில்ல, நெறமில்ல. வெளியில வந்தா கலைஞ்சு போயிரும். மூடுன ரூமுல தங்கிரும். வருசக்கணக்கா சுவாசிச்சா நுரையீரல்ல புத்துநோய் வரலாமுங்க. காத்துக்கு ஒரு வழி பண்ணோணும்” என்றாய்.

“அப்படீங்களா டீச்சரம்மா!” என்று அவர் ஸ்டூலை விட்டே எழுந்துவிட்டார். நான் பேசி அவர் ஒரு நாளும் எழுந்ததில்லை. நான் ஜன்னல் என்றேன், நீ ரேடான் என்றாய். கேட்டது இரண்டு பேரும் ஒன்றைத்தான். அன்று உன் காபிக்குச் சர்க்கரை போட மறந்துவிட்டேன். நீ முகம் சுளிக்காமல் குடித்தாய். அதுவும் எரிச்சலாக இருந்தது.

எழுந்து நின்றாரே தவிர, அவர் வியாபாரி. “பாறையக் குடையறதுன்னா சும்மாங்களா? அளந்து காட்டுங்க, செஞ்சர்றேன்” என்றார். நீ சின்னச் சின்ன டப்பாக்களுக்குள் ஒரு துண்டு பிலிம் வைத்து, நிலவறையின் மூலைகளில் தொங்கவிட்டாய். அந்த வாயு பிலிமில் கண்ணுக்குத் தெரியாத தடம் போடும், மூன்று மாதம் யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாய்.

இடையில் ஆயுத பூஜை வந்தது.

நீ டப்பாக்களை இறக்க வந்தபோது எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். மூடியைத் திறந்து பிலிமுக்கே பொட்டு வைத்திருந்தார்கள். காயில் சுற்றுகிறவர்களில் மூத்தவள் பாப்பாத்தி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“மிசினு, கத்திரி, சுத்தியலு எல்லாத்துக்கும் வெச்சுப்போட்டு, டீச்சரம்மா மாட்டுனதுக்கு மட்டும் வெக்காம உட்டா நல்லாருக்குங்களா?”

“ரேடானுக்கே பூஜை போட்டுட்டீங்களா!” என்று நீ சிரித்தாய். ஆனால் இனி முதலிலிருந்து அளக்க வேண்டும், இன்னும் மூன்று மாதம்.

“அப்ப அதுவரைக்கும் இப்படியே ஓடட்டுங்க” என்றார் அவர், நிம்மதியாக.

“அளவு காத்திருக்குமுங்க. அவங்க நுரையீரல் காத்திருக்காது” என்றாய்.

நீ நேராக அடுப்படிக்கு வந்தாய். “ஏம்புள்ள, உங்க மேல் ஹால்ல சுத்தியும் ஜன்னலாச்சே. அவங்கள அங்க உக்கார வெக்கலாமா? நாஞ்சொன்னா அவரு கேப்பாரு. நானே கேட்டர்றேன்.”

நாஞ்சொன்னா கேப்பாரு! அந்த ஹாலில்தான் என் சாமி அலமாரி. என் வீடு, என் புருஷன், என் சாமி. இதையும் நீ கேட்டு, நீ வாங்கிக் கொடுத்து, நீ பேர் வாங்குவதா? கரண்டியைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.

“பாப்பாத்தி, அல்லாரும் சாமானத் தூக்கிக்கிட்டு மேல வாங்க.”

“அண்ணங்கிட்டக் கேக்க வேண்டாமுங்களாக்கா?”

“அண்ணன் வந்து எங்கிட்டக் கேக்கட்டும்.”

அவர் பின்னாலேயே ஏறி வந்தார். “ஏம்மணி, சாமி இருக்கற எடத்துல காயில் சுத்தறதா?”

“சாமிக்கு ஒண்ணும் ஆகாதுங்க. அந்தக் குளுகுளு ரூமு அவ்வளவு புடிச்சிருந்தா நீங்க போயி உக்காருங்க.”

பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நீ கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைப் பார்க்கவில்லை.

அடுத்த அளவு வந்தது. இருக்கக் கூடாத அளவுக்கு இருக்கிறது என்றாய். அவர் மறுநாளே வேலையைத் தொடங்கினார். பாறை வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்து, தரைக்கடியிலிருந்து மொட்டை மாடிக்கு மேல்வரை குழாய் ஏற்றி, காற்றை உறிஞ்சி வெளியே தள்ள விசிறி வைத்தார். மறுபடி அளந்து நீ சரி என்று சொல்லும்வரை யாரும் கீழே இறங்கவில்லை. அடுத்து வந்த பொங்கலுக்குப் பெண்கள் சேர்ந்து உனக்குப் பட்டுக்கரை போட்ட சேலை எடுத்தார்கள். எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம்.

உன் அடக்க ஆராதனைக்கு வந்து சர்ச்சில் கடைசி வரிசையில் நின்றேன். உன் மாணவி ஒருத்தி தேடி வந்தாள்.

“கணபதி அக்கா நீங்கதானுங்களா? மேடம் வருசா வருசம் கிளாஸ்ல சொல்லுவாங்க. ‘அளந்தது நானு. அளவு வர்றதுக்கு முன்னாடியே அவங்களக் காப்பாத்துனது என் சிநேகிதி’ன்னு.”

வருஷா வருஷமா! என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? நல்லது சொல்வதிலும் முந்திக்கொண்டாய். நான் எந்த வகுப்பில் போய் உன்னைப் பற்றிச் சொல்வேன்?

பேரூர் கோயிலில் உனக்கு மோட்ச தீபம் ஏற்றச் சொன்னேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். உங்கள் வழக்கத்தில் அதெல்லாம் ஏது? என் நட்சத்திரத்தையே சொல்லிவிட்டேன். உன் பேரும் என் நட்சத்திரமுமாகத் தீபம் எரிந்தது. மோட்சத்திலும் நாம் ஒரே பெஞ்சுதான். இதிலாவது நீ என்னை முந்த முடியாது.