மேனேஜருக்கு எழுபத்து மூன்று

ஜூன் 3, செவ்வாய்

கட்டை அடுக்கு: ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. நேற்றைவிடப் பன்னிரண்டு வினாடி குறைவு.

மேனேஜர் இன்று நல்ல மனநிலையில் இருந்தாள். பன்னிரண்டு வயது மகளை ஏன் மேனேஜர் என்று கூப்பிடுகிறோம் என்பது எங்கள் வாசலைத் தாண்டிய எல்லோருக்கும் தெரியும். கழற்றிய செருப்பை அவள் வரிசையில் வைத்து முடிக்கும்வரை யாருக்கும் உள்ளே அனுமதியில்லை. முதலில் என்னுடையது, அடுத்து அவள் அம்மாவுடையது, பிறகு அவளுடையது, கடைசியில் அக்காவின் நீலவார்ச் செருப்பு. அக்கா என்பது பள்ளியில் அவளுக்குத் துணையாள். காலையில் வந்து கூட்டிப்போய், வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து, கழிவறைக்கு அழைத்துப்போய், சாலையைக் கடத்தி, மாலையில் வீட்டில் கொண்டுவந்து விடுகிறவள். மேனேஜருக்கு மணி பார்க்கத் தெரியாது. எண்ணும்போது பதின்மூன்றை ஒவ்வொரு முறையும் தாண்டிப் போய்விடுவாள். ஆனால் எந்தச் செருப்பு யாருடையது என்பதில் இதுவரை ஒரு பிழையும் நேர்ந்ததில்லை.

இருபத்தாறாம் தேதி மறுமதிப்பீடு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அறிவுத்திறனை அளந்து சொல்வார்கள். போன தடவை அறையின் மூலையில் ஒரு நாற்காலி போட்டு என்னையும் உட்கார வைத்தார்கள். அது அவர்கள் செய்த தவறு. தேர்வு வாரியத்துக்குக் கணித வினாத்தாள் தயாரிப்பவன் நான். பிறர் தயாரித்த வினாத்தாளை ஒருமுறை பார்த்தால் போதும், மறக்காது. சிவப்பு வெள்ளைக் கட்டைகள், படத்தில் விட்டுப்போனது எது, ஆப்பிளும் வாழைப்பழமும் எந்த வகையில் ஒன்று. எல்லாம் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. அட்டையில் ஒன்பது கட்டை செய்து வர்ணம் பூசினேன். பழைய ஷூ பெட்டியில் இருக்கிறது.

தலைமையாசிரியை போன மாதம் சொன்னார்: "இந்த தடவை நல்ல மார்க் வந்தா, மத்த பிள்ளைங்களோட சரிசமமா உட்கார வைக்கலாம் சார்." சரிசமம். நல்ல சொல்.

மனைவிக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் மாலை வேலை. பெட்டியைப் பார்த்து, "என்ன இது?" என்றாள். விளையாட்டு என்றேன்.

ஜூன் 11, புதன்

வினாத்தாள் அறைக்குள் போகும்போது எங்களிடம் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கிறுக்கிய தாளைக்கூட எங்கள் கண்ணெதிரே துண்டு துண்டாக்குவார்கள். பதினெட்டு ஆண்டில் என் கேள்வி ஒன்றுகூட வெளியே போனதில்லை. தூக்கத்தில்கூட உளறியதில்லை, மனைவியே சாட்சி.

ஆனால் இது பரீட்சை இல்லையே. இது என் பெண்.

(பிடிபட்ட எல்லோரும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.)

ஒரு நிமிடம் ஐந்து வினாடி.

ஜூன் 26, வியாழன்

உளவியலாளர் சின்னப் பெண். கையில் நிறுத்தக் கடிகாரம். என்னைக் கதவோரம் உட்கார வைத்தார். மேனேஜர் கட்டையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். நாற்பது வினாடி! அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பா வீட்ல சின்னது. இது பெருசு" என்றாள் மேனேஜர்.

 உளவியலாளர் "அப்படியா கண்ணு, சமத்து" என்று சொல்லி அடுத்த பக்கம் போய்விட்டார். இவள் சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை என்று பல வருடமாகக் குறைபட்டுக்கொண்டிருந்தவன், இன்று அதற்காக நன்றி சொன்னேன்.

ஜூலை 8, செவ்வாய்

எழுபத்து மூன்று. போன தடவை அறுபத்து இரண்டு.

தலைமையாசிரியை எழுந்து நின்றே வாழ்த்தினார். "சந்தோஷமான விஷயம் சார். இனிமே எல்லாரையும் மாதிரியே பரீட்சை எழுதலாம். தனிக் கேள்வித்தாள், கூடுதல் நேரம் எதுவும் தேவைப்படாது." நான் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மனைவி சான்றிதழை வாங்கிப் பார்த்தாள். திருப்பினாள். ஐஸ்கிரீம் உருகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னாடி படிச்சீங்களா?"

பின்னால் சின்ன எழுத்தில்: எழுபதும் அதற்குக் கீழும் பெற்றவர்களுக்கு மட்டுமே பராமரிப்புத் துறையின் துணையாள் உதவி தொடரும்.

பதினெட்டு ஆண்டாக ஒவ்வொரு வினாத்தாளின் அடியிலும் 'பின்பக்கம் திருப்புக' என்று அச்சிட வைக்கிறவன் நான்.

ஜூலை 14, திங்கள்

அக்காவுக்கு இன்று கடைசி நாள். "எனக்கு வேற ஆளு போட்டுட்டாங்க சார், நடக்க முடியாத ஒரு பெரியவரு. நான் என்ன செய்யறது, சொல்லுங்க" என்றாள். மேனேஜரிடம் டாட்டா மட்டும் சொன்னாள். அது தினமும் சொல்வதுதான் என்பதால் மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜூலை 16, புதன்

குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு கேட்டிருந்தோம். பதில் வந்திருக்கிறது. எனக்கு உண்டு, மனைவிக்கு உண்டு, மேனேஜருக்கு இல்லை. காரணம்: பிறவியிலேயே உள்ள அறிவுத்திறன் குறைபாடு. காப்பீட்டு நிறுவனத்தைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"அவங்களுக்குக் குறை இருக்கறதாலதான் சார் கொடுக்க முடியல."

"போதுமான அளவு இல்லைன்னு இன்னொரு ஆபீஸ்ல எழுதிக் கொடுத்திருக்காங்களே?"

"அது அவங்க ரூல்ஸ் சார்."

"உங்க டாக்டர் என்ன சொல்றாரு?"

"எங்களுக்கு டாக்டர் எல்லாம் கிடையாது சார். லிஸ்ட்தான்."

துணையாளை நிறுத்திய கடிதம், இந்தக் கடிதம், இரண்டிலும் ஒரே சான்றிதழின் நகல் இணைப்பு. ஓர் அலுவலகத்துக்கு என் மகளின் குறை போதவில்லை, மற்றதற்கு அதிகம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது. அவளுக்கு அதிகாரபூர்வமான இடம் அதுதான் போலும்.

ஜூலை 18, வெள்ளி

எல்லோரையும் போலக் கணக்குப் பரீட்சை. மேனேஜர் எல்லாக் கேள்விகளையும் விடைத்தாளில் அப்படியே பார்த்து எழுதியிருக்கிறாள். ஆசிரியை பெரிய சுழியம் போட்டிருக்கிறார். மேனேஜர் அதற்குள் கண்ணும் வாயும் வரைந்து அம்மாவிடம் காட்டினாள்.

வாசலில் செருப்பு வரிசையில் அவளுடையதற்குப் பக்கத்தில் ஒரு ஜோடிக்கு இடம் விட்டு வைக்கிறாள். நேற்றும் பார்த்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

காணோம். மதியம் ஒன்றே காலுக்குப் பள்ளியிலிருந்து போன் — "சார், வீட்டுக்கு வந்துட்டாளா?" வீட்டுக்கு எப்படி வருவாள்? யாரோடு வருவாள்? நாலு பஸ் ஒரே நேரத்தில் வருகிற ரோடு. நான் ஓடினேன். எங்கே ஓடுகிறேன் என்று தெரியாமல் ஓடினேன். ஒரு தெரு முழுக்க அவள் பேரைக் கத்தினேன். மேனேஜர் மேனேஜர் என்று கத்தியிருக்கிறேன். ஒரு வங்கிக்காரர் வெளியே வந்து, "என்ன சார் கம்ப்ளெயின்ட்?" என்று கேட்டார்.

மூன்று மணிக்குக் கிடைத்தாள். அந்தப் பெரிய சாலைக்கு அந்தப்பக்கம், ஒரு பல் டாக்டர் வாசலில். நோயாளிகளின் செருப்பையெல்லாம் சுவரோடு வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். அடையாள அட்டையைப் பார்த்து வரவேற்பறைப் பெண்தான் போன் செய்தார். "ரொம்ப நேரமா இங்கதான் சார் இருக்குது. யாருகூட வந்ததுன்னே தெரியல. எல்லாருக்கும் செருப்பு தேடற வேலை மிச்சம்."

பாவாடை நனைந்திருந்தது. யாரும் கழிவறைக்குக் கூட்டிப்போகவில்லை.

"அக்கா செருப்பு இங்க இல்ல" என்றாள் என்னிடம். தேடிப் பார்த்துவிட்டுச் சொல்கிற தொனியில்.

சாலையை எப்படிக் கடந்தாள்? அதை நினைக்கக் கூடாது. நினைக்கிறேன்.

ஜூலை 23, புதன்

மனைவியிடம் சொன்னேன். ஷூ பெட்டியை எடுத்து முன்னால் வைத்தேன். கத்துவாள் என்று பார்த்தேன். அவள் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வர்ணம் பிசிறில்லாமல் பூசியிருக்கிறதா என்பது போலத் திருப்பிப் பார்த்தாள்.

"விளையாட்டுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அவ மார்க் கேட்டாளா?"

கட்டைகளைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டாள்.

"உங்களுக்குத்தான் வேணும். வாத்தியார் பொண்ணு ஃபெயில்னு இருக்கக் கூடாது. அதுக்கு அவளை நடு ரோட்டுல நிறுத்தியிருக்கீங்க."

நான் வாத்தியார் இல்லை, வினாத்தாள் தயாரிப்பவன் என்று திருத்த வாயெடுத்தேன். நல்லவேளை, மூடிக்கொண்டேன்.

ஜூலை 25, வெள்ளி

உளவியலாளரைப் பார்த்தோம். அடுத்த மதிப்பீடு மூன்று ஆண்டு கழித்துத்தானாம். ஒரே ஒரு வழி: கேள்விகள் முன்கூட்டியே தெரிந்திருந்தால் இந்த மதிப்பெண் செல்லாது, வேறொரு தேர்வு வைக்கலாம்.

"எழுதிக் கொடுக்கணும் சார். யாரு, எப்ப, எப்படிச் சொல்லிக் கொடுத்தாங்கன்னு. அது ஃபைல்ல இருக்கும்." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அன்னிக்கே அவ சொன்னா. வீட்ல சின்னதுன்னு. நான்தான் கேட்டுக்கல" என்றார்.

வாரியத்தில் ஆண்டுதோறும் ஓர் உறுதிமொழி உண்டு: எந்தத் தேர்வின் கேள்விகளையும் நான் யாருக்கும் வெளிப்படுத்தியதில்லை. ஆகஸ்டில் கையெழுத்திட வேண்டும். 'எந்தத் தேர்வின்' என்ற சொற்களைச் சேர்க்கச் சொன்னதே நான்தான். ஏழு ஆண்டுக்கு முன்னால். கூட்டத்தில் கைதட்டினார்கள்.

ஜூலை 27, ஞாயிறு

கடிதம் நான்கு முறை எழுதினேன். முதல் பிரதியில் தந்தையின் உள்ளம், கல்வியின் நிலை, சமூகத்தின் பார்வை எல்லாம் வந்திருந்தன. மனைவி படித்துவிட்டு, "இது மன்னிப்பா, முன்னுரையா?" என்றாள்.

நான்காவது: 'முந்தைய மதிப்பீட்டில் பார்த்த கேள்விகளை நினைவில் வைத்து, ஆறு வாரம் என் மகளுக்குப் பயிற்சி அளித்தேன். இது அவளுக்கும் என் மனைவிக்கும் தெரியாது. மதிப்பெண் என்னுடையது, அவளுடையது அல்ல.'

கடைசி வரியில் இன்னும் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தோன்றியது. இருக்கட்டும், உண்மைதானே.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

உறுதிமொழியில் கையெழுத்திடவில்லை. 'காரணம்' என்ற இடத்தில் கடிதத்தின் நகலை இணைத்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

புதுத் தேர்வு. இந்த முறை எனக்கு வெளியே, நடைவழி பெஞ்சில்தான் இடம். நியாயம்.

மேனேஜர் கோபமாக வெளியே வந்தாள். "கட்டை இல்ல. அந்த அம்மா கட்டையே வைக்கல." அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே வித்தை அது. காட்ட விடவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அறுபத்தொன்று. பின்பக்கமும் படித்தேன்.

எழுபதைத் தாண்டிவிடக் கூடாதே என்று ஒரு மாதம் தவித்தவன், அறுபத்தொன்றைப் பார்த்ததும் நினைத்தது இது: இன்னும் கொஞ்சம் வாங்கியிருக்கலாமே. இந்த வியாதியும் எந்த லிஸ்டிலும் இருக்காது.

"பாஸா?" என்றாள் மேனேஜர்.

"பாஸ்."

ஷூ பெட்டியை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். இரண்டு பேரும் அடுக்கினோம். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒரே ஒருமுறை பார்த்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

துணையாள் வந்துவிட்டாள். ஆனால் வேறு ஆள். பழைய அக்காவை அந்தப் பெரியவர் விடமாட்டேன் என்கிறாராம்.

மேனேஜர் புதியவளின் பழுப்புச் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள். வரிசையில் வைக்கவில்லை. நீலவார்ச் செருப்புக்கான இடம் காலியாகவே இருந்தது. அதிலிருந்து மூன்று தரைச் சதுரம் தள்ளி, சுவரோரம் வைத்தாள்.

"எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகலை போல சார்" என்று புதியவள் சிரித்தாள். நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள். சாலையைக் கடக்கும்போது கையைப் பிடிப்பதில்லை, மணிக்கட்டைப் பிடிக்கிறாள். பார்த்தேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

வாரியத்திலிருந்து கடிதம். இந்த ஆண்டுக்கான குழுவில் தங்கள் பெயர் இடம்பெறவில்லை. தங்கள் நீண்ட பணிக்கு நன்றி. இரண்டே வரி. பின்பக்கம் வெற்று.

காப்பீட்டு நிறுவனம் அசையவில்லை. எழுபத்து மூன்றும் அறுபத்தொன்றும் அவர்களுக்கு ஒன்றுதான். என் மகளைச் சரிசமமாக நடத்துகிறவர்கள் அவர்கள் மட்டுமே.

செப்டம்பர் 26, வெள்ளி

மாலையில் வீட்டுக்கு வந்தேன். வாசலில் நிறுத்தப்பட்டேன். என் செருப்பு அதன் இடத்துக்குப் போனது.

காலியிடம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பழுப்புச் செருப்பு அதிலிருந்து இரண்டாவது சதுரத்தில் இருந்தது. காலையில் மூன்றாவதில் பார்த்துவிட்டுத்தான் போனேன். மனைவியிடம் கேட்டேன், அவள் தொடவில்லையாம். புதியவளும் தொடவில்லை.

  அனுமதி கிடைத்து உள்ளே போனேன்.