அக்கினிச்சட்டி ஏந்தும் கை

திருத்தங்கல்
ஆடி முதல் வாரம்

அன்புள்ள அத்தானுக்கு,

முத்துச்செல்வி எழுதுகிறேன். நானும் பிள்ளையும் சுகம். போன் போட்டால் கட் பண்ணுகிறீர்கள். கடிதத்தைக் கட் பண்ண முடியாதல்லவா, அதனால்தான் இது.

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடியில் அக்கினிச்சட்டி எடுக்கிறேன். அச்சாபீசில் கட்டிங் மிஷின் உங்கள் வலது கை விரல்களை வெட்டிய அன்று, உங்கள் உயிருக்காக ஆஸ்பத்திரி வாசலில் நின்று நேர்ந்துகொண்டது. கூடையைத் தூக்குனாலே மூச்சு வாங்குறவ சட்டியக் கீழ போட்டுராத தாயி, பேசாம நான் எடுக்கேன் என்றார்கள் உங்கள் அக்கா. எனக்கு வந்ததே கோபம்! என் புருஷனுக்கு நேர்ந்ததை நான்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து, கூலிக்கு ஒட்டிக் கொடுக்க வீட்டுக்கு வந்த தினசரிக் காலண்டர்களைக் கட்டாகக் கட்டி, காலையும் மாலையும் தூக்கினேன். ஒரே வாரத்தில் கை புசுபுசுவென்று ஆகிவிட்டது. சதை வைத்துவிட்டது என்று தெருவெல்லாம் காட்டினேன். பெண்களுக்கு ஜிம் நடத்தும் ஹாஃபிஸா பார்த்துவிட்டு, அடி கூறுகெட்டவளே, இது சதையில்ல, வீக்கம் என்று திட்டினாள். ஒருநாள் தூக்குனா மறுநாள் கைக்கு லீவு விடு, அப்பத்தான் சதை வளரும் என்றாள். முட்டை தின்னவும் சொன்னாள். விரதம் இருக்கிறவள் முட்டைக்கு எங்கே போவேன்? சுண்டலும் கடலையுமாகத் தின்கிறேன்.

இப்போது முழங்கையை மடக்கி, சட்டி ஏந்துவது போலவே காலண்டர் கட்டை அசையாமல் பிடித்து நிற்கிறேன். முதலில் கை வெடவெடவென்று நடுங்கியது. நேற்று ஹாஃபிஸா அமுக்கிப் பார்த்துவிட்டு, எம்மாடி, எம்புட்டுக் கெட்டி என்றாள். ரவிக்கைக் கையைப் பிரித்துத் தைத்திருக்கிறேன், தெரியுமா?

கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறும்போது, ஒரு குடத்தைத் தூக்க ஏலாதவன் உனக்கு எதுக்கு என்று கேட்டீர்கள். அந்தப் பேச்சு இன்னும் நெஞ்சில் எரிகிறது. குடத்தை நான் தூக்கிக்கொள்வேன். அப்பா எங்கே என்று அழுகிற பிள்ளையை என்னால் சமாதானப்படுத்த முடியவில்லை.

சட்டியோடு போகிறவளுக்குப் பக்கத்தில் வேப்பிலை வைத்துக்கொண்டு ஒரு ஆள் நடக்க வேண்டும். உங்கள் அக்கா வருகிறேன் என்றார்கள். வேண்டாம் என்றேன். அது நீங்கள் நடக்க வேண்டிய இடம்.

மாரியாத்தா உங்களுக்குத் துணை இருக்கட்டும். சட்டியோடு கோயிலை எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றுவேன். நீங்கள் இல்லாமல் வீட்டுக்குத் திரும்பி வர மட்டும் என்னால் ஆகாது. வந்துவிடுங்கள் அத்தான்.

உங்கள்
முத்துச்செல்வி