குப்புறக் கிடந்தவள்

அண்ணா,

படியில் தவறி விழுந்த அண்ணி குப்புறக் கிடந்ததாகச் சொன்னாய். "நம்ம வீட்டு டாக்டர் நீதானேம்மா, போஸ்ட்மார்ட்டத்த சீக்கிரம் முடிச்சுக் குடு" என்றாய். துக்கத்துக்கு அவ்வளவு அவசரம்.

சொந்தக்காரியை நான் அறுக்கக் கூடாது. வேறு டாக்டரிடம் ஒப்படைத்தேன். ஆனால் சவக்கிடங்கில் புரட்டும்போது பார்த்துவிட்டேன். செத்த உடம்பில் ரத்தம் அடிப்பக்கமாக இறங்கித் தங்கும். அண்ணிக்கு முதுகெல்லாம் கருஞ்சிவப்பு. வெகுநேரம் மல்லாந்து கிடந்தவளை யாரோ பிறகு குப்புறப் போட்டிருக்கிறார்கள். வீட்டில் இருந்தது நீ ஒருவன்தான்.

ரத்தம் இறங்கும் இந்தக் கணக்கையெல்லாம் அண்ணி இருந்தபோதே சாப்பாட்டு மேசையில் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன். "சோத்துக்கு முன்னாடி பொணப்பேச்சா?" என்று அடக்கினாய். அண்ணிதான் ஆசையாகக் கேட்பாள்.

இது உன் கைக்கு வருமுன் போலீஸ் வந்திருக்கும். வக்கீல் தேடித் தரச் சொல்லி என்னிடம் வராதே.

இப்படிக்கு,
அண்ணியின் நாத்தனார்